நாலு நாளும் முப்பத்தொரு எடமும்

ஏண்டா பேராண்டி, நீ அனுப்பின எக்செல் கணக்கை உன் சின்ன மாமி போன்ல விரிச்சு விரிச்சுக் காட்டினா. கோபன்ஹேகன், நாலு நாள், முப்பத்தொரு எடம். காலையில 8:10-க்குக் கடல்கன்னி சிலை, 8:35-க்கு அரண்மனை, 9:20-க்குக் காப்பி. காப்பிக்குப் பத்தே நிமிஷம் போட்டிருக்கே. அந்த ஊர்ல ஒரு காப்பி 40, 50 குரோனர்டா. அவ்வளவு காசைக் குடுத்தா நானெல்லாம் கடை சாத்துற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

குறை சொல்றேன்னு நெனைக்காதே. திட்டம் பிரமாதம். மூணாவது கட்டத்துல மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். அதை அப்புறம் கேக்குறேன்.

திட்டம் போடுறதுல அந்த ஊர்க்காரன் உனக்குப் பாட்டன். 1618 நவம்பர்ல கோபன்ஹேகன்லேருந்து கப்பல் கெளம்புச்சு. தலைவன் பேரு ஓவே கெட்டே, அப்ப வயசு 23. போக நெனச்சது இலங்கைக்கு. கண்டி ராஜாவுக்கும் போர்த்துக்கீசியனுக்கும் ஆகாது, நாம போய் ஒத்தாசை பண்ணினா வியாபாரம் நமக்குன்னு கணக்கு. ஒண்ணரை வருஷம் கடல்ல கெடந்து, வழியெல்லாம் ஆளுங்களைக் கொத்துக் கொத்தா பறிகுடுத்து, 1620-ல இலங்கையில எறங்கினா அங்கே காரியம் ஆகல. முன்னாடியே அனுப்பின கப்பலைக் காரைக்கால் பக்கத்துல போர்த்துக்கீசியன் நொறுக்கிட்டான். அதுல தப்பிச்சவன் தஞ்சாவூர் நாயக்கர்கிட்ட போய் நிக்க, பேச்சுவார்த்தை நடக்க, கடைசியில கெடைச்சதுதான் நம்ம தரங்கம்பாடி. அவன் போட்ட எந்தப் பட்டியல்லயும் இல்லாத ஊரு. ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில தமிழ்ல எழுதின கடுதாசி இன்னைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. நானூறு வருஷம் ஆச்சு. நம்ம கொல்லைப் பட்டா எங்கே இருக்குன்னு உன் சின்ன மாமனைக் கேளு, முழிப்பான்.

அப்படி எங்கேயோ போக நெனச்சு இங்கே வந்தவன் 225 வருஷம் இருந்தான். கோட்டை கட்டினான், ராஜ வீதி போட்டான், 1845-ல வங்காளத்து செராம்பூரையும் சேத்து 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போனான். பதில் மரியாதைக்கு இப்ப நீ போறே, நாலு நாளுக்கு. அதுலயும் ஒரு நாள் சுவீடனுக்குப் போறியாம்.

ஜெர்மனியில நீ பிடிச்சிருக்கிற லீவைப் பாப்போம். ஏசு பரமேறின வியாழக்கிழமை லீவு, வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஆபீஸ்ல சொல்லிட்டா ஞாயிறு வரைக்கும் நாலு நாள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா ஏசு ஜெர்மனியில மட்டும் பரமேறலப்பா. டென்மார்க்லயும் அன்னைக்குத்தான் ஏறினாரு. பெரிய கடையெல்லாம் அடைப்பு. வியாழக்கிழமை ‘ஷாப்பிங் 4:00 – 6:00’னு எழுதியிருக்கே பாரு, அந்த ரெண்டு மணி நேரமும் கண்ணாடிக் கதவுல உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். அதைத் தூக்கி வெள்ளிக்கிழமையில போடு.

லீவுன்னதும் ஞாபகம் வருது. பெரிய ஜெப நாள்னு வசந்த காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை, 1686-லேருந்து அங்கே லீவு விட்டுக்கிட்டு இருந்தாங்க. ராணுவச் செலவுக்குப் பணம் வேணும், எல்லாரும் அன்னைக்கும் வேலைக்கு வாங்கன்னு அரசாங்கம் 2024-லேருந்து அதை எடுத்துடுச்சு. ஜனங்க கூட்டம் கூட்டமா பார்லிமெண்டு வாசல்ல வந்து கத்தினாங்க. ஜெபம் பண்ண முடியலேன்னு கத்தினாங்கன்னு நீ நெனச்சேன்னா உன்னைப் போல வெகுளி கெடையாது.

ஹாம்பர்க்லேருந்து ரயில்ல போறது நல்ல யோசனை. உன் பெரிய மாமன் கனடா போறதுக்கு முன்னாடி கோபன்ஹேகன்லதானே இருந்தான். நானும் உன் அம்மாச்சியும் ஒரு கோடை பூரா அங்கே இருந்தோம். அப்ப இந்தப் பாதையில வந்திருக்கேன். ரயிலே கப்பல் வயித்துக்குள்ள போய் நிக்கும். எறங்கி மேல்தட்டுக்குப் போய்க் காத்து வாங்கிட்டு, அக்கரை வந்ததும் மறுபடி பெட்டியில ஏறிக்கலாம். 2019-ஓட அதை நிறுத்திட்டாங்க. இப்ப சுத்துவழியில கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். கடலுக்கடியில 18 கிலோமீட்டருக்குச் சுரங்கம் போடுறாங்க. அது முடியறப்ப உன் பிள்ளையும் கூட வரட்டும். கல்யாணமே ஆகலையே தாத்தாங்கிறியா? அதான் மூணாவது கட்டத்தை அப்புறம் கேக்குறேன்னு சொன்னேனே.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் புலி, சிங்கம் எதுவும் வராது. சைக்கிள் வரும். ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவுல ஒரு படி ஒசத்தி ஒரு பாதை போட்டிருப்பாங்க. காலியா இருக்கேன்னு அதுல நின்னு கோபுரத்தை போட்டோ எடு. நல்லா எடு. பின்னாடி ஒரு மணி அடிக்கும். நம்ம ஊர்ல மாதிரி ‘வீட்ல சொல்லிட்டு வந்தியா’ன்னு கேக்க மாட்டான். ஒரு பார்வை பாத்துட்டுப் போவான். கேட்டிருந்தாலே தேவலைன்னு உனக்குத் தோணும்.

மாமன் வீட்டு முக்குல ஒரு பெஞ்சு இருந்துச்சு. காலையில எட்டு மணிக்கு அதுல உக்காந்தா எனக்கு சினிமா வேண்டாம். கோட்டு போட்டவன் ஒரு கையில ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டுப் போவான். ஒரு அம்மா, முன்னாடி மரப்பெட்டி வெச்ச மூணு சக்கர வண்டி. பெட்டிக்குள்ள ரெண்டு பிள்ளைங்க, நடுவுல காய்கறிப் பை. பெரியவன் சின்னவ தொப்பியைப் புடுங்குவான். அந்தம்மா மிதிக்கிறதை நிறுத்தாம குனிஞ்சு, தொப்பியை வாங்கி அவ தலையில மாட்டிட்டு, அதே கையைத் தூக்கும். தூக்கினா ‘நிக்கப் போறேன்’னு அர்த்தம். பின்னாடி வர்ற அம்பது சைக்கிளும் அப்படியே மெதுவாகும். எடது பக்கம் திரும்பணும்னா நடுரோட்டுக்கு வெட்டிக்கிட்டுப் போகக் கூடாது. நேரா முக்கைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்னு, சிக்னல் விழுந்ததும் திரும்பணும். வாடகை சைக்கிள் எடுக்கப் போறேன்னு எழுதியிருக்கே, எடு. ஆபீஸுக்குப் போற நேரத்துல மட்டும் எடுக்காதே. ராத்திரி எட்டுக்கு எடு, வெளிச்சம் இருக்கும்.

வெளிச்சம்னா சும்மா வெளிச்சமில்ல. உன் அம்மாச்சி பாவம், பொழுது சாய்ஞ்சதும் விளக்கேத்துவோம்னு தீப்பெட்டியும் கையுமா உக்காந்திருந்தா. ஏழாச்சு, எட்டாச்சு, சாப்பிட்டாச்சு, சூரியன் சன்னல்ல நிக்குது. ஜூன்ல பத்து மணி வரைக்கும் அவன் போறதில்ல. நீ போற மே மாசத்துலயும் ஒம்பது தாண்டிடும். அதனாலதான் சொல்றேன், காலையில ஏழுக்கெல்லாம் எழுந்து ஓட வேண்டியதே இல்ல. கூட வர்றவங்களுக்கும் தூக்கம் வேணும்ல.

இப்ப உன் பட்டியலுக்கு வர்றேன். கடல்கன்னி சிலை, போய்ட்டு வா. 1913-ல பீர் கம்பெனி முதலாளி கார்ல் யாக்கப்சன் ஊருக்குச் செஞ்சு குடுத்தது. ஒசரம் 1.25 மீட்டர், நம்ம ஐயனார் கோயில் குதிரைக்குப் பக்கத்துல வெச்சா முட்டிக்கு வருவா. 1964-ல தலையை அறுத்துட்டுப் போனான் எவனோ. 1984-ல கையை. 1998-ல மறுபடியும் தலையை. 2003-ல வெடி வெச்சுத் தண்ணியில தள்ளினாங்க. ஒவ்வொரு தரமும் ஒட்டவெச்சு உக்கார வெச்சுட்டாங்க. இதைப் பாக்க நீ டூர் படகுக்குக் காசு அழ வேணாம். மஞ்சள் கலர்ல துறைமுகப் படகு போகும், அது டவுன் பஸ் கணக்கு, பஸ் டிக்கெட்டே செல்லும். நோர்ட்ரெ டோல்போட்டுங்கிற துறையில எறங்கி நடந்தா சிலை. அதே படகுல உக்காந்து தெக்கே வரைக்கும் போனா ஊரையே பாத்துடலாம். டிக்கெட் மட்டும் ஏறறதுக்கு முன்னாடியே எடுத்துடு. அங்கே கண்டக்டர்கிட்ட சில்லறைத் தகராறு பண்ற சந்தோஷமெல்லாம் கெடையாது, செக்கிங்ல மாட்டினா நேரா அபராதம்தான்.

தேசிய மியூசியத்துக்கு நீ நாப்பத்தஞ்சு நிமிஷம் குடுத்திருக்கே. அங்கே ஒரு சாமான் இருக்கு, அதுக்கு மட்டுமே நான் அவ்வளவு நேரம் நின்னேன். 1902-ல ட்ருண்ட்ஹோல்ம்னு ஒரு சதுப்பு நெலத்தை உழுதப்ப ஏர்ல தட்டுப்பட்டது. வெண்கலக் குதிரை ஒண்ணு, பின்னாடி வட்டமா சூரியன், மொத்தத்துக்கும் அடியில சக்கரம். சூரியனுக்கு ஒரு பக்கம் மட்டும் தங்கத் தகடு, மறுபக்கம் வெறும் வெண்கலம். போகையில பகல், திரும்பி வர்றப்ப ராத்திரின்னு சொல்றாங்க. 3,400 வருஷத்துக்கு முந்தின வேலை. தகட்டுல நெளி நெளியா கோலம், குதிரைக்குக் கழுத்துப் பட்டை வரைக்கும் கோடு இழுத்திருக்கான். நம்ம சூரியனார் கோயில் சாமிக்கு ஏழு குதிரை, அங்கே ஒண்ணே ஒண்ணு. அந்த ஊர் வெயிலுக்கு அது போதும்னு விட்டிருப்பான். எனக்கு ஒரே மனத்தாங்கல் என்னன்னா, அம்பது வருஷமா நானும் உழுதேன், வெங்காயத் தாள் தவிர எதுவும் கெடைக்கல.

வட்டக் கோபுரம் பட்டியல்ல இருக்கு, நல்லது. தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பின அதே நாலாம் கிறிஸ்டியான் ராஜா கட்டினது, 1642-ல முடிஞ்சுது. உச்சிக்குப் பக்கம் வர்ற வரைக்கும் படியே கெடையாது, சுத்திச் சுத்திச் சரிவா ஏறும். மேலே வானம் பாக்குற கூடமும் புஸ்தகசாலையும் வெச்சாங்க, சாமான் ஏத்தணும்ல. 1716-ல ரஷ்யாவோட பீட்டர் ராஜா குதிரையிலேயே ஏறிட்டாரு. நான் குதிரை இல்லாமலே ஏறினேன். முட்டி ஒண்ணும் சொல்லல.

அந்த ராஜாவே கட்டின பழைய வியாபாரச் சந்தை ஒண்ணு, பேரு போர்சன். நாலு டிராகனோட வாலுங்க முறுக்கிக்கிட்டு மேலே ஏறுற மாதிரி கோபுரம். நான் பாத்திருக்கேன், நீ பாக்க முடியாது. 2024 ஏப்ரல் 16-ந்தேதி பழுதுபாக்குற நேரத்துல தீப்பிடிச்சுக் கோபுரம் விழுந்துடுச்சு. ஜனங்க உள்ளே ஓடி ஓடிப் படங்களைத் தூக்கிட்டு வந்தாங்கன்னு மாமன் போன்ல சொன்னான். இப்ப திரும்பக் கட்டுறாங்க. சாரம் கட்டி மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் ஒரு நடை நடந்துட்டு வா.

சாப்பாடு. ராத்திரிக்கு நீ குறிச்சிருக்கிற ஓட்டல் விலையைப் பாத்து சின்ன மாமி கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி பாத்தா. மத்தியானத்துல பெரிசா சாப்பிடு, ராத்திரிக்கு ரோட்டோரத் தள்ளுவண்டியில சாசேஜ் வாங்கிக்க. மத்தியானச் சாப்பாடு ஸ்மொர்ரபுரோட். கறுப்பு ரை ரொட்டி ஒரு துண்டு, மேலே வெண்ணெய், அதுக்கு மேலே மீனோ மாட்டுக்கறியோ உருளைக்கெழங்கோ. மேல் மூடி கெடையாது. கையால எடுத்துக் கடிச்சுடாதே, கத்தி முள்ளுகரண்டியாலதான். மொதல்ல ஹெர்ரிங் மீன்ல ஆரம்பிக்கணும், காடியில ஊறப் போட்டிருப்பான், கொஞ்சம் இனிப்பா வேற இருக்கும். அம்மாச்சி ஒரு வாய் வெச்சுட்டு, ‘இந்த மீனை அடுப்புல வைக்க மறந்துட்டாங்களா?’ன்னு கேட்டா. எனக்குப் பிடிச்சுப் போச்சு. தண்ணிக்கு மட்டும் காசு குடுக்காதே, குழாய்த் தண்ணி தேன் மாதிரி இருக்கும். டிப்ஸும் தேவையில்ல, பில்லுலயே எல்லாம் அடக்கம். அப்புறம் ஒவ்வொண்ணையும் ரூபாய்ல பெருக்கிப் பாக்காதே. பெருக்கினா ரெண்டாம் நாளே பட்டினி கெடப்பே.

காப்பிக் கடைன்னு போனா வாசல்ல தள்ளுவண்டி நிக்கும். உள்ளே எட்டிப் பாத்தா குழந்தை. நெசமான குழந்தை, தூங்கிக்கிட்டு இருக்கும். தாயி உள்ளே உக்காந்து கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுக் காப்பி குடிக்கும். வெளிக்காத்துல தூங்கினா நல்லதுன்னு அவங்க வழக்கம். அம்மாச்சிக்கு இது தெரியாது. ‘எவளோ பிள்ளையை விட்டுட்டுப் போயிட்டா’ன்னு வண்டிக்குக் காவலா நின்னுட்டா. நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறா. கடைசியில தாய்க்காரி வெளியே வந்து, புடவையைக் கட்டிக்கிட்டு ஒரு கெழவி தன் பிள்ளைக்கு ஈ ஓட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாத்து, உள்ளே போய் அவளுக்கும் ஒரு காப்பி வாங்கிட்டு வந்துச்சு. 50 குரோனர் மிச்சம்.

சனிக்கிழமையைப் பாத்தாத்தான் எனக்குத் தல சுத்துது. காலையில மால்மோ, மத்தியானம் ஹெல்சிங்கோர் கோட்டை, சாயங்காலம் லூயிசியானா மியூசியம். ஒண்ணு கெழக்கே கடல் தாண்டி, ரெண்டு வடக்கே. பாலம் தாண்டிப் போனேன்னு சொல்றதுக்காக சுவீடனா? அந்தப் பாலம் 2000-ல தெறந்தது, பெரிய வேலைதான், ஆனா ரயில் கீழ்த்தட்டுல போகும், நீ கம்பிக்கு நடுவுல கடலைப் பாப்பே. அதை அடிச்சுடு.

வடக்கே போ. ஹெல்சிங்கோர்ல குரோன்போர்க் கோட்டை, ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டை உலவவிட்ட எடம். எனக்கு அந்த ராஜகுமாரன் கவலையைவிடப் பழைய ராஜாக்களோட மூளைதான் பிடிச்சுது. அந்தக் கோட்டைக்கு முன்னாடி கடல் ரொம்பக் குறுகல். அந்த வழியா போற கப்பலெல்லாம் சுங்கம் கட்டணும், 1857 வரைக்கும் வசூல் பண்ணினாங்க. சரக்கு மதிப்பு எவ்வளவுன்னு கப்பல்காரனே சொல்லலாம். கொறைச்சுச் சொல்லலாமேன்னு பாக்குறியா? சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்க ராஜாவுக்கு உரிமை உண்டு. அப்புறம் எவன் கொறைச்சுச் சொல்வான்? நம்ம பத்திர ஆபீஸ்ல மட்டும் இந்தச் சட்டம் இருந்தா ஊர்ல பாதிப்பேருக்குத் தூக்கம் வராது.

அதே ரயில் பாதையில ஹும்லபெக்ல எறங்கினா லூயிசியானா. கடலைப் பாத்த மாதிரி தோட்டம், புல்வெளியில சிலைங்க. 1958-ல மியூசியமாச்சு. அதுக்கு முன்னாடி அந்த வீட்டைக் கட்டின பிரபு மூணு கல்யாணம் பண்ணினாரு, மூணு பொண்டாட்டிக்கும் பேரு லூயிஸ். வீட்டுக்கும் அதே பேரை வெச்சுட்டாரு. தூக்கத்துல யாரைக் கூப்பிட்டாலும் மாட்டிக்காத ஒரே ஆம்பளை இந்த உலகத்துல அவர்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து வரைக்கும் தெறந்திருக்கும், அதனால சாயங்காலமா போ, கூட்டம் வடிஞ்சிருக்கும். சூரியன்தான் போகாதே.

கோபன்ஹேகன் கார்டு வாங்குறதாயிருந்தா அது மணிக்கணக்குல ஓடும்னு தெரிஞ்சுக்க. அதை வாங்கினவன் முகத்தைப் பாத்தாலே தெரியும், குடுத்த காசுக்கு மேல பாத்துடணும்னு மியூசியம் மியூசியமா மூச்சு வாங்க ஓடுவான். நீ ஒரு நாளைக்கு ரெண்டு எடத்துக்கு மேல போகாட்டி கணக்குப் போட்டுப் பாத்து வாங்கு. திவோலிக்கு மட்டும் சாயங்காலம் போ, 1843-லேருந்து ஸ்டேஷனுக்கு எதிர்ல நடக்குற பொருட்காட்சி. அங்கே 1914-ல செஞ்ச மரத் தண்டவாள ரயில் இன்னும் ஓடுது, பிரேக் போட ஒரு ஆளு நடுவுல உக்காந்து வருவான். உள்ளே போக ஒரு டிக்கெட், சவாரிக்குத் தனி.

ஞாயித்துக்கிழமை மத்தியான ரயிலுக்கு முன்னாடி நீ நாலு எடம் போட்டிருக்கே. நாலையும் அடிச்சுட்டு அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போ. பதறாதே. நாம சுடுகாட்டுப் பக்கம் போனா தலைக்கு ஊத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவோம், அங்கே ஜமுக்காளத்தை விரிச்சு ரொட்டி தின்னுக்கிட்டுப் படுத்திருக்காங்க. கதை எழுதின ஆண்டர்சன், தத்துவம் பேசின கீர்கேகார்ட், அணுவைப் புடிச்ச நீல்ஸ் போர் மூணு பேரும் அங்கேதான். நிழலும் நல்லா இருக்கும், காசும் கேக்க மாட்டாங்க.

பாஸ்போர்ட்டையும் ஜெர்மனிக்காரன் குடுத்த அட்டையையும் கையோட வெச்சுக்க, எல்லையில ரயிலை நிறுத்திப் பாப்பாங்க. மழைக்கோட்டு எடு. குடை வேணாம், அங்கே அடிக்கிற காத்து நம்ம கடற்கரைக் காத்துக்கு அண்ணன், குடையைத் திருப்பிப் போட்டுடும்.

இப்ப மூணாவது கட்டத்துக்கு வர்றேன். எடம், நேரம், அதுக்கடுத்து ‘டிக்கெட்’னு ஒரு கட்டம். முப்பத்தொரு வரியிலயும் ‘2’, ‘2’, ‘2’. ரயிலுக்கு ரெண்டு, திவோலிக்கு ரெண்டு, வாடகை சைக்கிள் ரெண்டு. சின்ன மாமி கவனிக்கல, நான்தான் கண்ணாடி போட்டிருந்தேன். கூட வர்றது ஆபீஸ் சிநேகிதன்னு சொல்லுவே. சொல்லு. ஆபீஸ் சிநேகிதனுக்காக எவன்டா 9:40-க்குப் பூந்தோட்டம்னு போடுவான்?

உங்க அம்மாகிட்ட நான் மூச்சு விடல. அவ கேக்குறப்ப என்ன சொல்லணும்னு நீயே யோசிச்சு வை. அதுக்கு முன்னாடி, இந்தக் கணக்கை அந்தப் பொண்ணுக்கு அனுப்பினியா? காலையில 8:10-க்கு எழுந்து வந்து ஒரு வெண்கலப் பொம்பளையைப் பாக்க அவளுக்குச் சம்மதமான்னு கேட்டியா? கேளு. அப்படியே அந்த ஹெர்ரிங் மீனைப் பத்தியும் ஒரு வார்த்தை கேட்டுடு.